வார்டுக்கும் வகுப்பறைக்கும் நடுவே

கட்டுமாவடியில் நின்று கடலைப் பார்த்தால் அக்கரை யாழ்ப்பாணம். அந்தக் கரையில், பண்டத்தரிப்பு என்ற ஊரில், 1820இல் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்தியசாலை நடத்தத் தொடங்கினார். பக்கத்தில் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற இன்னொரு மருத்துவர் 1850களிலேயே பிரசவ மருத்துவ நூலைத் தமிழில் கொண்டுவந்தார். பிறகு மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்தார். நூறு வருஷம் கழித்தும் இக்கரையில் என் அப்பத்தாவுக்குப் பிரசவம் பார்த்தது ஊர் மருத்துவச்சிதான். பிள்ளை குறுக்கே கிடந்தால் அறந்தாங்கிக்கு வண்டி கட்ட வேண்டும். வண்டி போய்ச் சேராத கதைகள் எங்கள் தெருவில் நிறைய உண்டு. நான் நர்ஸானதற்கு அந்தக் கதைகள்தான் காரணம்.

இப்போது என் அண்ணன் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கப் போகிறாள். "அத்தே, எந்த ஸ்பெஷாலிட்டி எடுத்தா நல்லா வரலாம்?" என்று கேட்டாள். ஐந்து பிரிவுகள் இருக்கின்றன: மருத்துவம் மற்றும் அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம். ஒன்றின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்தப் படிப்பு எதற்காக வந்தது, யாருடைய தேவைக்காக வந்தது என்று தெரியாமல் இரண்டு வருஷத்தையும் வீட்டுப் பணத்தையும் அதில் போடக் கூடாது என்று எனக்குப் பட்டது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியபோது அது ஆறு மாதப் படிப்பு. சேர்ந்தவர்கள் நான்கே பேர். படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளப் பழகிய கைகள் வேண்டும், அவ்வளவுதான் அன்றைய தேவை. பட்டம், பல்கலைக்கழகம் என்ற பேச்சே கிடையாது. அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்களும், மிஷன் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவப் பெண்களும்தான். அந்நிய ஆண்களின் உடம்பைத் தொடும் வேலை, ராத்திரி வெளியே தங்கும் வேலை என்று மற்ற வீடுகள் பெண்களை அனுப்பவில்லை. அந்தப் பேச்சு என் காலம் வரைக்கும் முழுதாக ஓயவில்லை.

வேலூர் கதையை ஒவ்வொரு நர்சிங் மாணவியும் தெரிந்துகொள்ள வேண்டும். பண்டத்தரிப்பு ஜான் ஸ்கடர் 1836இல் சென்னைக்கு வந்துவிட்டார். அவர் பேத்தி ஐடா, 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் தகப்பனார் வீட்டில் இருந்தபோது ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவத்துக்கு அழைத்தார்கள். ஆண் மருத்துவர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடா அப்போது மருத்துவம் படிக்காதவர். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். இதில் நான் கவனிக்கும் விஷயம் ஒன்று. பெண்கள் மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918இல். நர்ஸ் பயிற்சியை அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1909இல் தொடங்கிவிட்டார். மருத்துவர்களை உண்டாக்குவதற்கு முன்னால் நர்ஸ்களை உண்டாக்க வேண்டும் என்பது அவருக்கு வார்டில் நின்று தெரிந்திருக்கிறது.

1926இல் சென்னை மாகாணத்தில் நர்ஸ்கள், தாதிகளுக்கான சட்டம் வந்தது. பதிவு செய்துகொண்டவர்தான் நர்ஸ் என்ற நிலை அதிலிருந்து வருகிறது. இன்றைக்கும் எங்கள் பெயருக்குப் பின்னால் வரும் ஆர்.என்., ஆர்.எம். அந்தப் பதிவின் அடையாளம். அதே ஆண்டுகளில் சென்னைச் சட்டமன்றத்தில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி இருந்தார். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். எங்கள் கடற்கரை அப்போது தஞ்சாவூர் ஜில்லா. புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974இல். இருந்தாலும் அவரை எங்கள் ஊர்க்காரராகவே நான் நினைக்கிறேன். இன்று கர்ப்பிணிகளுக்கு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த உதவிக்கான விவரங்களை எழுதும்போதெல்லாம், மருத்துவக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருந்த அவரை நினைத்துக்கொள்வேன்.

பட்டப்படிப்பு வந்தது 1946இல். டெல்லியிலும் வேலூரிலும் அந்த ஒரே ஆண்டில் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. வேலூர், சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அதே 1946இல்தான் போர் (Bhore) குழுவின் அறிக்கையும் வெளியானது. நாட்டின் சுகாதாரத்தை ஆராய அன்றைய அரசு அமைத்த குழு அது. 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று அந்த அறிக்கை கணக்குச் சொன்னது. எங்கள் கரையோரக் கிராமங்களை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள், அத்தனைக்கும் சேர்த்து ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். நர்சிங்குக்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்றும் அந்த அறிக்கை சொன்னது. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். மகப்பேறு மருத்துவர், அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் அவரே. பிரசவ வார்டில் நின்ற ஒருவர் பல்கலைக்கழகத்தின் தலைமையிலும் இருந்தது நமக்குக் கிடைத்த பெரிய நன்மை என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகு படிகள் ஒவ்வொன்றாக ஏறின. டெல்லியில் 1959இல் முதுகலை. 1963இல் திருவனந்தபுரத்தில், டிப்ளமோ முடித்து வேலை பார்ப்பவர்கள் இரண்டு வருஷம் படித்துப் பட்டம் வாங்கும் வழி. நாங்கள் போஸ்ட் பேசிக் என்று சொல்வது அதைத்தான். நானும் அந்த வழியில் ஏறியவள். அறுபதுகளின் இறுதியில் வேலூரிலும் முதுகலை வந்தது. 1988 முதல் தமிழ்நாட்டு நர்சிங் பட்டங்கள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன.

இந்த முதுகலை எதற்காக வந்தது என்பதில்தான் என் பேச்சே இருக்கிறது. பட்டப்படிப்பு தொடங்கியதும் அதை நடத்த ஆசிரியர் வேண்டியிருந்தது. நர்சிங் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மேற்பார்வையாளர்கள் வேண்டியிருந்தது. நம் நாட்டு எம்.எஸ்சி. அந்தப் பற்றாக்குறையை நிரப்பப் பிறந்தது. பாடத்திட்டத்தைப் பாருங்கள்: கற்பிக்கும் முறை, நிர்வாகம், ஆய்வு, புள்ளியியல். ஆய்வேட்டுக்கு உழைத்ததில் பாதி உழைப்பைக்கூட என்னால் அந்த இரண்டு வருஷத்தில் வார்டில் செலுத்த முடியவில்லை. படித்து முடித்த என் தோழிகளில் பலர் கல்லூரிகளுக்குப் போனார்கள். அவர்கள் நல்ல ஆசிரியர்கள், நம் பிள்ளைகளுக்கு அவர்கள் தேவை. ஆனால் பத்து வருஷம் ராத்திரி டியூட்டி பார்த்து, மூச்சு மாறுவதைக் காதாலேயே கண்டுபிடிக்கப் பழகியவள், பட்டம் வாங்கியதும் கட்டிலை விட்டுப் போய்விடுகிறாள். அனுபவத்தோடு படிப்பும் சேர்ந்த ஆள் வார்டில் தங்க வழி குறைவு. அரசு வேலையில் எம்.எஸ்சி. முடித்துத் திரும்பிய எனக்கும் அதே வார்டு, அதே பதவிதான். நோயாளிகளுக்காகத் திரும்பினேன், அதில் வருத்தமில்லை. இளம்பிள்ளைகள் எல்லாரையும் அப்படித் திரும்பச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

1987இல் நர்சிங் தொழிலை ஆராய மத்திய அரசு உயர்மட்டக் குழு ஒன்றை அமைத்தது. பிற்பாடு அதற்குத் தலைமை ஏற்றவர் சரோஜினி வரதப்பன். வேலைச் சூழல், தங்குமிடம், படிப்பு, நர்ஸ் தலையில் கட்டப்படும் சம்பந்தமில்லாத வேலைகள் எல்லாவற்றையும் அந்தக் குழு பேசியது. பரிந்துரைகளில் பல இன்னும் காகிதத்தில்தான் இருக்கின்றன.

கட்டிலுக்குத் திரும்பும் படிப்பு சமீபத்தில்தான் வந்தது. 2017 வாக்கில் இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டு வருஷ முதுகலையைக் கொண்டுவந்தது. அதில் பெரும்பகுதி நேரம் ஐ.சி.யூ.விலேயே நின்று படிக்க வேண்டும். பிரசவத்துக்கென்று தனித் தேர்ச்சி தரும் பதினெட்டு மாதப் பயிற்சிக்கான மத்திய அரசு வழிகாட்டுதல் 2018இல் வந்தது. இவற்றைப் படித்தவர்களுக்குரிய பதவிகள் இன்னும் சரியாக உருவாகவில்லை. ஆனாலும் திசை சரியான திசை.

எங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் நான் சமுதாய நலத்தைச் சொல்வேன். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்தபின் எங்கள் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லை. ஐஸ் கம்பெனியும் ஓடவில்லை. சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மண்பானையில் ஈர மணலைக் கொட்டி, பாட்டிலைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு அதற்குள் வையுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னோம். மீன் ஏலக்கூடத்தில் திருக்கை முள் குத்தினால், காயத்தைக் கழுவி, தாங்கும் சூட்டில் வெந்நீரில் காலை வை, பிறகு ஆஸ்பத்திரிக்கு வா என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும். கடலுக்குப் போகிறவர்கள் ரத்தக் கொதிப்பு மாத்திரையைக் கரைக்கு வந்துதான் விழுங்குகிறார்கள். எந்த நேரத்துக்குக் கொடுத்தால் அவர்கள் விடாமல் போடுவார்கள் என்பது அவர்களோடு இருந்தவளுக்குத்தான் தெரியும். ஒரு பட்டத்தின் அறிவு எல்லாவற்றையும் போடத் தகுந்த வேலை இது.

என் ஆசை அது. அவளுக்குப் பிரசவ வார்டுதான் பிடித்திருக்கிறது, பிடித்ததைப் படிக்கட்டும். நான் சொல்லியனுப்பியது வேறு. கவுன்சிலின் அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் இந்த வருஷத்துக்கு உண்டா என்று முதலில் பார். கல்லூரிக் கட்டிடத்தைப் பார்க்காதே. அது எந்த மருத்துவமனையோடு சேர்ந்தது, அங்கே மாதத்துக்கு எத்தனை பிரசவம், அதில் சிக்கலானவை எத்தனை, முதுகலை மாணவியைக் கையுறை போட விடுவார்களா, ஓரமாக நிற்க வைப்பார்களா என்று கேள். உனக்கு ஆய்வில் வழிகாட்டப் போகிற ஆசிரியை கடைசியாக எப்போது வார்டில் டியூட்டி பார்த்தார் என்று மரியாதையாகக் கேள். ஆசிரியை ஆகத்தான் ஆசை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல், அதற்கேற்ற இடம் வேறு.

போன வாரம் இரண்டு கல்லூரிகளுக்குப் போய் வந்தாள். பட்டப்படிப்பு முடித்தபின் வேண்டிய ஓராண்டு அனுபவம் அவளுக்கு அடுத்த மாதம் நிறைகிறது, மதிப்பெண்ணும் 55 விழுக்காட்டுக்கு மேலே இருக்கிறது. இரண்டாவது கல்லூரியில் பிரசவக் கணக்கை மாதவாரியாக எழுதிக்கொடுத்தார்களாம். அந்தத் தாளை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். சிக்கலான பிரசவங்களின் எண்ணிக்கை எனக்குத் திருப்தியாக இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பு என்று பதில் போட்டேன்.