கருப்புப் பள்ளியின் மாணவர்

ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியில் மருந்து காய்ச்சுவதற்குத் தனி வகுப்பு உண்டு, உருமாற்றத்திற்கு உண்டு, மூலிகைக்கு உண்டு, மந்திர வரலாற்றைக் கற்பிக்க ஓர் ஆவியே பேராசிரியராக அமர்ந்திருக்கிறது. நாட்டுப்புறவியலுக்கு மட்டும் வகுப்பு இல்லை. இக்குறை சிறியதன்று என்பதை ஜே. கே. ரௌலிங்கே 2007இல் வெளிவந்த ஏழாம் நூலில் காட்டிவிடுகிறார். தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹெர்மயனிக்கு விட்டுச் செல்வது பழங்குறி எழுத்துகளில் அமைந்த ஒரு சிறுவர் கதைநூல். அதில் வரும் பொருள்கள் மெய்யாகவே இருந்தவை என்று ஒருவர் சொல்லும்போது, பள்ளியின் தலைசிறந்த மாணவியான அவளே நம்ப மறுக்கிறாள். கதையை வாசிக்கத் தெரிந்தவளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நாட்டுப்புறவியல் தாள் நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இப்படி ஒரு மந்திரப் பள்ளி உண்மையான நாட்டார் கதைகளில் உண்டா, இல்லை அந்த அம்மையார் கற்பனையா?" என்று கேட்டாள். உண்டு என்று உடனே சொல்லிவிட்டோம். சொன்ன வேகத்தில் விளக்க முடியவில்லை. இக்கட்டுரை அந்த வகுப்பின் பாக்கி.

மந்திரப் பள்ளிகள் ஐரோப்பியக் கதைமரபில் பலவுண்டு. ஸ்பெயின் நாட்டுச் சலமான்கா நகரில் ஒரு குகையில் சாத்தானே ஆசிரியனாக இருந்து பாடம் சொன்னான் என்பது ஒரு கதை. திரான்சில்வேனிய மலைகளில் பத்து மாணவர் பயிலும் பள்ளி ஒன்று இருந்தது என்றும், படிப்பு முடிந்ததும் பத்தாமவனைச் சாத்தான் தனக்கென வைத்துக்கொள்வான் என்றும் எமிலி ஜெரார்டு 1885இல் எழுதினார். அதைப் படித்த பிராம் ஸ்டோக்கர் 1897இல் தம் டிராகுலாவையும் அப்பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்துவிட்டார். இவற்றை இங்கே தொட்டுவிட்டுச் செல்வோம். நம்மை நிறுத்தி வைத்தது ஐஸ்லாந்தின் கருப்புப் பள்ளி. ஏனெனில் அப்பள்ளியில் படித்ததாகச் சொல்லப்படுபவர் வரலாற்றில் வாழ்ந்த மனிதர்.

அவர் பெயர் சைமுந்துர் சிக்ஃபுசன். 1056இல் பிறந்து 1133இல் மறைந்தவர். 'ஃப்ரோதி', அதாவது அறிஞர், என்பது அவருக்கு நாட்டார் கொடுத்த பட்டம். ஐஸ்லாந்து கிறித்தவத்தைத் தழுவி அரை நூற்றாண்டுக்குச் சற்றே மேல் ஆகியிருந்த காலம் அது. இளமையில் கடல் கடந்து, அக்கால ஐஸ்லாந்தியர் பிராங்க் நாடு என்றழைத்த நிலத்தில் கல்வி பயின்று, ஊர் திரும்பிக் குருவானார். நாட்டின் தெற்கே ஒட்டி என்னும் ஊரில் அவர் தொடங்கிய கல்விமரபு அவருக்குப் பின்னும் தலைமுறைகள் நின்றது. நார்வே அரசர்களைப் பற்றி அவர் இலத்தீனில் எழுதிய வரலாறு இன்று கிடைக்கவில்லை. 1097ஆம் ஆண்டளவில் திருச்சபைக்கான பத்திலொரு பங்கு வரியைக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. ஒரு நாட்டாரை முணுமுணுப்பின்றி வரி கட்டவைத்த மனிதருக்கு மந்திரம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் பிற்பாடு நினைத்ததில் வியப்பில்லை.

கதை சொல்லும் சைமுந்துர் வேறு. கருப்புப் பள்ளி நிலத்தடியில் இருந்தது. சன்னல் இல்லை, பகலொளி என்பதே இல்லை. பாடநூல்களின் எழுத்துகள் நெருப்பாய் எரிந்ததால் இருளிலும் வாசிக்க முடிந்தது. உணவு வேளையில் மயிரடர்ந்த சாம்பல் நிறக் கை ஒன்று சுவரின் வழியே நீண்டு தட்டை வைத்துவிட்டுப் போகும். சில ஆண்டுகள் ஒருமுறைகூட வெளியே வராமல் படிக்க வேண்டும். கட்டணம் ஒன்றுதான்: ஒவ்வோராண்டும் படிப்பு முடிந்து வெளியேறுவோரில் கடைசியாக வாசலைத் தாண்டுபவன் சாத்தானுக்கு உரியவன். சைமுந்துர் தாமே கடைசியாகப் போகிறேன் என்றார். தோளில் தளர்வாகப் போட்டிருந்த மேலங்கியைச் சாத்தான் பற்ற, அங்கியை விட்டுவிட்டு வெளியேறினார் என்கிறது ஒரு வடிவம். மற்றொரு வடிவம் இன்னும் கூரியது. வாசலில் எதிரே கதிரவன் அடிக்க, அவர் நிழல் பின்சுவரில் விழுகிறது. "எனக்குப் பின்னால் ஒருவன் வருகிறான், பார்" என்று நிழலைக் காட்டுகிறார். சாத்தான் நிழலைப் பிடித்துக்கொள்கிறான். அன்று முதல் சைமுந்துருக்கு நிழல் இல்லை.

திரும்பும் பயணமும் அவ்வாறே. மேலங்கி நனையாமல் ஐஸ்லாந்து சேர்த்தால் நான் உனக்கு என்று சாத்தானிடம் உடன்படிக்கை. அவன் கடல்நாயாக உருவெடுத்துச் சுமக்கிறான். இவர் முதுகில் அமர்ந்து சங்கீத நூலை வாசித்தபடி வருகிறார். கரை தெரிந்ததும் அந்த நூலாலேயே அதன் தலையில் ஓங்கி ஓர் அடி. கடல்நாய் மூழ்க, இவர் நனைந்து நீந்திக் கரையேறுகிறார். உடன்படிக்கை முறிந்தது.

இக்கதைகளை யோன் ஆர்னசன் தொகுத்து லைப்சிக்கில் 1862, 1864 ஆகிய ஆண்டுகளில் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். கிரிம் சகோதரர்களின் தூண்டுதலால் ஐரோப்பா முழுவதும் கதைகள் தேடப்பட்ட காலம் அது. ஆயினும் சைமுந்துரை விந்தை மனிதராகக் காண்பது இடைக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. யோன் ஆயரைப் பற்றிய பழைய சரிதம், அயல்நாட்டில் வானியல் வல்ல ஓர் ஆசானிடம் சிக்கித் தம் திருமுழுக்குப் பெயரையே மறந்திருந்த சைமுந்துரை ஆயர் கண்டு மீட்டுவந்தார் என்கிறது. தப்பியோடும் இரவில் காலணியில் நீர் நிரப்பித் தலையில் வைத்துக்கொள்கிறார் மாணவர். விண்மீனைப் பார்த்து அவரைத் தேடும் ஆசான், நீர் சூழக் கண்டு, பிள்ளை மூழ்கிவிட்டான் என்று ஏமாறுகிறார்.

குருவானவர் எப்படி மந்திரவாதியானார்? எழுதப் படிக்கத் தெரியாதவர் நடுவே, தொலைநாடு போய்ப் புரியாத மொழியில் நூல் வாசிக்கக் கற்று வந்தவரை நினைத்துப் பாருங்கள். தாளில் கிடக்கும் கறுப்புக் கோடுகள் அவர் கண்ணுக்கு மட்டும் பேசுகின்றன. நெருப்பெழுத்து என்பது இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. பிரெஞ்சில் மந்திர ஏட்டைக் குறிக்கும் 'கிரிமுவார்' என்ற சொல்லும், மயக்கும் கவர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலக் 'கிளாமர்' என்ற சொல்லும் 'கிராமர்' என்னும் இலக்கணச் சொல்லிலிருந்து பிறந்தவை. இலக்கணம் நடத்திப் பிழைக்கும் எங்களைப் போன்றோருக்கு இது சற்று ஆறுதல் தரும் செய்தி.

நிற்க. ஒட்டியின் உண்மைப் பள்ளிக்கு வருவோம். சைமுந்துரின் பேரர் யோன் லோப்ட்சன் காலத்தில் மூன்று வயதளவில் ஒரு சிறுவன் அங்கே வளர்ப்புப் பிள்ளையாக வந்தான். அவன் ஸ்னோரி ஸ்டுர்லுசன் (1179–1241). பிற்காலத்தில் அவர் எழுதிய எட்டா என்னும் உரைநடை நூல் இல்லாவிட்டால் ஓதின், தோர், லோகி பற்றி நாம் அறிந்திருப்பது மிகச் சிறிதே. அதை அவர் புராணத் திரட்டாக எழுதவில்லை. இளங்கவிகளுக்கான பாடநூலாகவே எழுதினார். பழைய பாவலர் பொன்னைப் 'பொன்' என்று சொல்லமாட்டார்கள்; 'சிஃபின் கூந்தல்' என்பார்கள். தோரின் மனைவி சிஃபின் கூந்தலை லோகி வெட்டியெறிந்ததும், குள்ளர்கள் பொன்னால் புதுக்கூந்தல் செய்து கொடுத்ததும் தெரியாதவனுக்கு அப்பாட்டு வெறும் ஓசை. பழந்தெய்வங்களை வணங்குவோர் இல்லாமற்போய் இரு நூற்றாண்டுகள் ஆகிவிட்ட நாட்டில், தெய்வங்களை மறந்தால் கவிதையும் சாகும் என்று ஸ்னோரி கண்டுகொண்டார். கிறித்தவர் இவற்றை நம்பவேண்டியதில்லை. ஆனால் பாவலன் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்பது அவர் நிலை. நம்பிக்கைக்கும் அறிவுக்கும் இடையே இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்த பாடநூலை அக்காலத்தில் எளிதில் காணமுடியாது.

இனி நானூறு ஆண்டுகள் தாண்டுவோம். 1643இல் ஸ்கால்ஹோல்ட் ஆயர் பிரினியோல்வுர் ஸ்வெயின்சனின் கைக்குப் பழந்தோல் சுவடி ஒன்று வந்தது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. நாற்பத்தைந்து ஏடுகள் எஞ்சியிருந்தன. அதில் இருந்தவை தெய்வங்களையும் வீரர்களையும் பாடும் பெயரறியாப் புலவர்களின் பாட்டுகள். ஸ்னோரியின் எட்டாவுக்கு மூலமான பழைய எட்டா ஒன்று இருந்திருக்கவேண்டும் என்று அன்றைய அறிஞர் நம்பியிருந்தனர். ஆயர் அதுவே இது என்று முடிவு செய்து, அறிஞர் சைமுந்துரின் எட்டா என்று பெயரிட்டார். சைமுந்துருக்கும் அச்சுவடிக்கும் தொடர்பில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகள் வரை நீடித்தது. எல்லாம் அறிந்தவர் என்று கதைகள் சொன்னதால் நூலும் அவருடையதாயிற்று. 1662இல் ஆயர் அதை டென்மார்க் அரசருக்கு அனுப்பிவைத்தார்.

இந்த ஆயரின் காலம்தான் ஐஸ்லாந்தில் மந்திரவாதிகளை எரித்த காலமும். 17ஆம் நூற்றாண்டில் அங்கே எரிக்கப்பட்டோர் இருபதுக்குச் சற்றே மேற்பட்டவர். ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கு மாறாக, ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். குறியெழுத்துத் தாள் வைத்திருந்ததே பலருக்குக் குற்றமாயிற்று. 1656இல் மேற்குக் கரையில் யோன் யோன்சன் என்ற ஒரே பெயருடைய தந்தையும் மகனும் எரிக்கப்பட்டனர். தமக்கு வந்த நோய்க்கு அவர்கள் மந்திரமே காரணம் என்று குற்றஞ்சாட்டியவர் அவ்வூர்க் குருவானவர். மகன் ஒப்புக்கொண்டவற்றுள் ஒன்று, ஒரு பெண்ணின் வயிற்றில் காற்றைக் கிளப்பி நாணவைக்கும் குறியெழுத்தைப் பயன்படுத்தியது. இளைஞர் விளையாட்டு என்று நாம் சிரித்துவிடுவோம். அவனுக்கு அது விறகாயிற்று. நோய் தீராமற்போகவே, குருவானவர் அக்குடும்பத்துப் பெண் தூரிதுரின் மீதும் பழி சுமத்தினார். அவள் விடுதலை பெற்றதோடு நில்லாமல் அவர்மீதே வழக்குத் தொடுத்தாள். தம்மை நியாயப்படுத்த அவர் எழுதிய துன்பசரிதம் இன்று ஐஸ்லாந்திய உரைநடையின் அரிய படைப்புகளுள் ஒன்றாக வாசிக்கப்படுகிறது. எரிந்தவர்கள் பக்கத்தில் எழுத யாருமில்லை.

1664இல் ஸ்கால்ஹோல்ட் இலத்தீன் பள்ளியிலேயே, ஆயரின் கண்முன், மாணவர்களிடம் ஒரு மந்திர ஏடு பிடிபட்டது. எண்பதளவு மந்திரங்கள் அதில் இருந்தன. ஏடு அழிந்தது, மாணவர் பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்டனர். எட்டு ஆண்டுகளுக்கு முன் தந்தையும் மகனும் எரிந்த நாட்டில், வெளியேற்றத்தோடு விட்டது ஆயரின் இரக்கம் என்றே நாம் கொள்கிறோம். எனினும் ஒன்று உறுத்துகிறது. பழந்தெய்வப் பாட்டுச் சுவடியை நெஞ்சோடு அணைத்துக் காத்தவரும் அவரே. பிள்ளைகளின் ஏட்டைக் காக்காதவரும் அவரே. முன்னது அரசருக்குரிய பரிசு. பின்னதில் என்னென்ன இருந்தன என்பது, அதைப் பறித்தவர்கள் எழுதிவைத்த பட்டியலால் மட்டுமே தெரியும்.

நாட்டார் இதையும் கதையாக்கிக்கொண்டனர். வடக்கே ஹோலார் பள்ளி மாணவன் லோப்துர், 1520இல் இறந்த ஆயர் கோட்ஸ்கால்க்கோடு புதைந்த 'செந்தோல்' என்னும் மந்திர நூலுக்காக, நள்ளிரவில் தேவாலயத்தில் இறந்த ஆயர்களை எழுப்புகிறான். கோட்ஸ்கால்க் செந்நூலோடு எழுந்து நிற்கிறார். லோப்துர் கை நீட்டுகிறான். மணிக்கயிற்றைப் பிடித்திருந்த தோழன் அதைச் சைகை என்று நினைத்து மணியடித்துவிட, எல்லாரும் மண்ணுக்குள் இறங்கிவிடுகின்றனர். பின்னொரு நாள் அவன் படகேறிச் சென்றபோது, மயிரடர்ந்த சாம்பல் நிறக் கை ஒன்று நீரிலிருந்து எழுந்து படகை உள்ளிழுத்தது. கருப்புப் பள்ளியில் சோறு வைத்த அதே கை. இக்கதையை யோஹான் சிகுர்யோன்சன் 1915இல் நாடகமாக்கினார்.

சுவடி கோபன்ஹேகனில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1971 ஏப்ரல் 21 அன்று டென்மார்க் கடற்படைக் கப்பலில் அது ரெய்க்யவிக் திரும்பியபோது துறைமுகத்தில் பெருங்கூட்டம் காத்திருந்தது. இன்று அந்நகரப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய எட்டா மாளிகை அதன் இருப்பிடம். அங்கிருந்து சற்று நடந்தால் பல்கலைக்கழகத் தலைமைக் கட்டடத்தின் முன்னே ஆஸ்முந்துர் ஸ்வெயின்சன் வடித்த சிலையைக் காணலாம். கடல்நாய் மீதமர்ந்து, நூலை ஓங்கியபடி சைமுந்துர்.