ஃபுளோரா டானிக்கா: தாவர நூலிலிருந்து பிறந்த பீங்கான் கலங்கள்

ஃபுளோரா டானிக்கா என்பது டென்மார்க் நாட்டின் கோபன்கேகன் நகரில் 1790 முதல் 1802 வரை செய்யப்பட்ட பீங்கான் விருந்துக் கலங்களின் தொகுதியாகும். இதில் 1,802 கலங்கள் இருந்தன. அதே பெயர் கொண்ட தாவர நூலின் படங்களைப் பார்த்து, காட்டுச் செடிகள் இவற்றின் மீது கையால் தீட்டப்பட்டன. அந்நூலுக்காகச் செடிகளைச் சேகரித்தவர்களுள் ஒருவர் பின்னர் தரங்கம்பாடிக்கு வந்து வாழ்ந்தார். திண்டுக்கல் சமவெளியில் வீட்டுக்கொல்லைகளில் வளரும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது.

கண்ணை ஏமாற்றும் கலங்கள்

பார்ப்பவரை உண்மைப் பொருள் என்றே நம்பவைக்கும் ஓவியத்தையும் சிற்பத்தையும் பிரெஞ்சு மொழியில் 'துரோம்ப் லோய்' என்பர். கண்ணை ஏமாற்றுவது என்பது இதன் பொருள். மண்பாண்டக் கலையிலும் இம்முறை பல நாடுகளில் வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த பெர்னார் பாலிசி என்ற குயவர், உண்மையான பல்லி, பாம்பு, மீன், இலை ஆகியவற்றின் மீது அச்செடுத்து, அவற்றைத் தட்டுகளில் பதித்து வண்ண மெருகூட்டினார். சீனாவில் சியென்லோங் பேரரசர் காலத்தில் (1736–1795) கொட்டைகளும் பழங்களும் நண்டும் நிரம்பிய தட்டு முழுவதையும் பீங்கானிலேயே செய்தனர். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இலண்டனின் செல்சி தொழிற்கூடத்தில் முயல், காலிபிளவர் போன்ற வடிவங்களில் மூடியுள்ள கிண்ணங்கள் செய்யப்பட்டன. விருந்தினர் ஒரு கணம் ஏமாந்து பிறகு வியக்க வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். ஃபுளோரா டானிக்காவின் நோக்கம் வேறு.

தாவர நூல்

டென்மார்க் அரசரின் ஆட்சிப் பகுதிகளில் இயற்கையாக வளரும் தாவரங்கள் அனைத்தையும் படத்துடன் வெளியிட வேண்டும் என்று தாவரவியலாளர் கியார்க் கிறித்தியான் ஓடர் 1753இல் முன்மொழிந்தார். முதற் பகுதி 1761இல் வெளிவந்தது. நூல் முற்றுப்பெற்றது 1883இல். மொத்தம் 3,240 செப்புத்தகட்டுப் படங்கள். டென்மார்க்குடன் நார்வே, ஐசுலாந்து முதலிய பகுதிகளின் செடிகளும் இதில் அடங்கும். பூக்களோடு புல், பாசி, காளான் ஆகியவற்றுக்கும் இதில் இடம் கிடைத்தது.

பீங்கான் தொகுதி

கோபன்கேகன் பீங்கான் தொழிற்கூடம் 1775இல் பிரான்சு என்ரிக் முல்லர் என்ற வேதியியலாளரால் நிறுவப்பட்டது. அதன் அடையாளக் குறி மூன்று நீல அலைக்கோடுகள். அவை டென்மார்க்கின் மூன்று நீரிணைகளைக் குறிக்கின்றன. 1790இல் இளவரசர் பிரெடரிக் இத்தொகுதியைச் செய்யப் பணித்தார். உருசியப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்குப் பரிசளிக்கவே இது தொடங்கப்பட்டது என்பது மரபுச் செய்தி. பேரரசி 1796இல் இறந்துவிட்டார். வேலை தொடர்ந்தது. 1803 சனவரி 29 அன்று அரசர் ஏழாம் கிறித்தியானின் பிறந்தநாள் விருந்தில் இக்கலங்கள் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டன.

இவற்றின் பெரும்பகுதியைத் தீட்டியவர் யோகான் கிறித்தோப் பையர் (1738–1812). செருமனியின் நியூரம்பெர்க்கைச் சேர்ந்த இவர், காளான்கள் பற்றிய நூலொன்றுக்குப் படம் வரைந்து தேர்ந்தவர். நூலில் உள்ள செடியை மாற்றாமல் வரைய வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட விதி. வேர் இருந்தால் வேரும், சல்லி இலை இருந்தால் அதுவும் வரவேண்டும். உயரமான செடி தட்டில் அடங்காதபோது தண்டை வெட்டி, துண்டுகளைப் பக்கத்தில் வைத்ததுபோல் வரைந்தார். ஒவ்வொரு கலத்தின் அடியிலும் தாவரத்தின் இலத்தீன் பெயர் எழுதப்பட்டது. அரசரின் விருந்து மேசையில் சாலையோரக் களைச்செடியும் இவ்வாறு இடம்பெற்றது. பழக்கூடைகளிலும் பனிக்கூழ்க் கலங்களின் மூடிகளிலும் மட்டும் பழைய கண்மயக்குக் கலை தொடர்ந்தது. அங்கே இதழ் இதழாகப் பீங்கானில் செய்த மலர்கள் ஒட்டப்பட்டுள்ளன.

பன்னிரண்டு ஆண்டு நுண்வேலையால் பையரின் கண்பார்வை மிகவும் குன்றியது.

செய்முறையின் கடினம்

பீங்கானுக்குக் கயோலின் எனும் வெண்களிமண் தேவை. கோபன்கேகனுக்கு அது போர்ன்கோம் தீவிலிருந்து கிடைத்தது. மெருகு பூசிய கலம் ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசுக்கு மேல் சுடப்படுகிறது. அதன்மேல் உலோக ஆக்சைடுகளால் ஆன வண்ணங்களைத் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடுவார்கள். தீட்டும்போது தெரியும் நிறம் வேறு. சூளையிலிருந்து வரும் நிறம் வேறு. ஆகவே ஓவியர் கண்ணெதிரே இல்லாத நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டே தீட்ட வேண்டும். சூட்டில் கலம் விரிந்தால் அதுவரை செய்த உழைப்பு முழுவதும் வீண்.

திண்டுக்கல், மதுரைப் பகுதிகளில் வேளார் வனையும் மண்பாண்டங்கள் இதனின்று வேறுபட்டவை. குளத்து மண்ணில் வனைந்து, விறகும் வைக்கோலும் கொண்டு சுடுவதால் அவை பீங்கானுக்குரிய வெப்பத்தை எட்டுவதில்லை. மதுரையை அடுத்த விளாச்சேரி கொலுப்பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். கொலுவில் வைக்கும் மண் பழங்களும் காய்களும் கண்மயக்குக் கலையே. ஆனால் வண்ணம் சுட்ட பின்னரே பூசப்படுகிறது. தீட்டிய நிறமே நிற்கும் என்பது இதில் வசதி. ஈரத்திலும் உரசலிலும் அது உதிரும் என்பது குறை. பீங்கான் ஓவியம் இருநூறு ஆண்டு கடந்தும் மங்காமல் இருப்பதற்கு, வண்ணம் மெருகோடு உருகி ஒன்றாவதே காரணம்.

கோனிக்: ஐசுலாந்திலிருந்து தரங்கம்பாடிக்கு

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. ஃபுளோரா டானிக்கா நூலுக்காக 1764, 1765 ஆண்டுகளில் ஐசுலாந்தில் செடிகளைச் சேகரித்தவர் யோகான் கெரார்டு கோனிக் (1728–1785). இவர் தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய இலின்னேயசின் மாணவர். ஐசுலாந்தில் கிடைத்த ஒரு சிறு செடிக்கு இலின்னேயசு 1767இல் 'கோனிகியா' எனத் தம் மாணவரின் பெயரையே வைத்தார்.

கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பின்னர் ஆற்காட்டு நவாபிடமும், 1778 முதல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கையியலாளராகப் பணிபுரிந்தார். தமிழ்நாட்டுச் செடிகளை உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1771இல் இலின்னேயசு கறிவேப்பிலைக்கு 'பெர்கெரா கோனிகி' என்று பெயர் சூட்டினார். பின்னர் அது 'முர்ரயா கோனிகி' எனவும் வழங்கலாயிற்று. இரண்டிலும் கோனிக்கின் பெயர் நிலைத்திருக்கிறது. 1785இல் அவர் காக்கிநாடாவை அடுத்த செகந்நாதபுரத்தில் இறந்தார்.

வரலாற்று இடம்

ஒரே மனிதர் சேகரித்த இரு நிலத்துச் செடிகளுக்கும் இருவேறு விதி நேர்ந்தது. வடபுலத்துச் செடிகள் அரசின் செலவில் நூலாகி, அந்நூல் பீங்கானுக்கும் மூலமாயிற்று. தமிழ்நாட்டுச் செடிகள் உலர்மாதிரிகளாகவும் இலத்தீன் பெயர்களாகவும் ஐரோப்பாவில் தங்கின. கறிவேப்பிலைக்குத் தமிழில் பெயரும் சமையலில் இடமும் கோனிக் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தன. அந்த அறிவைக் காத்துவந்தவர்களின் பெயரை எந்த அறிவியல் பெயரும் சொல்வதில்லை. கொலுப்பொம்மை செய்தவர்களும் தம் கலங்களில் குறியிட்டதில்லை.

ஃபுளோரா டானிக்காவில் 1,500க்கும் மேற்பட்ட கலங்கள் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒரு பகுதி கோபன்கேகனின் ரோசன்போர்க் கோட்டையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. 1863இல் டென்மார்க் இளவரசி அலெக்சாந்திராவின் திருமணத்தையொட்டி இவ்வேலைப்பாடு மீண்டும் தொடங்கப்பட்டது. இன்றும் கையாலேயே தீட்டப்படுகிறது.