விலையின் உளவியல்: கரும்புப் பருவமும் வாங்குபவர் முடிவும்

ஒரு பொருளுக்குச் சொல்லப்படும் விலையை வாங்குபவர் எதனோடு ஒப்பிடுகிறார், எந்தக் கணக்கிலிருந்து அதற்குப் பணம் எடுக்கிறார், எப்போது அதை நியாயம் என்றும் எப்போது அநியாயம் என்றும் நினைக்கிறார் என்பவற்றை ஆராய்வது விலை உளவியல். சந்தை ஆய்வின் பிரிவாக வளர்ந்த இத்துறையின் பாடநூல்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை, ஆலையின் வழியாக, மொத்தமாக வரும் ஊரில் அந்தப் பாடங்கள் எவ்வளவு பொருந்தும் என்பதற்கு மூங்கில்துறைப்பட்டு வட்டாரம் நல்ல உரைகல். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தை ஒட்டித் தென்பெண்ணை ஆற்றோரம் இருக்கும் இவ்வூரில்தான் கள்ளக்குறிச்சி 1 கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. இந்தக் கரும்பு வட்டாரத்தைப் பற்றிய சான்றுகள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன: விலையை எடைபோடும் விதத்தை வருமானத்தின் அளவைப் போலவே, அது கைக்கு வரும் நாளும் தீர்மானிக்கிறது.

கோட்பாட்டு அடிப்படை

டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை, மனிதர் ஆதாயத்தையும் இழப்பையும் ஒரு மேற்கோள் புள்ளியிலிருந்து அளக்கிறார்கள் என்றும், அதே அளவு ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட இழப்பின் வலி பெரிது என்றும் காட்டியது. ரிச்சர்ட் தேலர் 1985-இல் இதை விலைக்குக் கொண்டுவந்தார். பணம் எல்லாம் ஒன்றுதான் என்று பொருளியல் சொன்னாலும், மக்கள் அதை மனத்துக்குள் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்துவைக்கிறார்கள் என்பது அவர் வாதம். 1986-இல் இம்மூவரில் கானமனும் தேலரும் ஜாக் நெட்ச்சுடன் சேர்ந்து கனடாவில் ஒரு கேள்வி கேட்டார்கள். 15 டாலருக்கு விற்ற பனி அள்ளும் மண்வெட்டியை, பனிப்புயலுக்கு மறுநாள் 20 டாலராக்குவது சரியா? 82 விழுக்காட்டினர் அநியாயம் என்றனர். நம் ஊரில் இந்த மேற்கோள் புள்ளி உறையிலேயே அச்சாகியிருக்கிறது. எம்.ஆர்.பி.க்கு மேல் 'கூலிங்' என்று இரண்டு ரூபாய் கேட்கும் கடையோடு வரும் சண்டை, இரண்டு ரூபாயின் பெறுமானத்துக்காக மட்டும் வருவதில்லை.

கரும்பு உழவர் ஆய்வு

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களை ஒட்டிய 54 ஊர்களில் 464 சிறு கரும்பு உழவர்களிடம் 2010-இல் நடந்தது. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 2019-இல். ஒரே உழவரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். சோதனைகளில் ஒன்று எளியது: தாளில் '5 5 5' என்று இருந்தால், எண்ணைப் படிக்காமல் எத்தனை இலக்கம் உள்ளன என்று பார்த்து 'மூன்று' எனச் சொல்ல வேண்டும். வாய்க்கு முந்திவரும் 'ஐந்தை' அடக்கச் சற்றுக் கவனம் வேண்டும். அறுவடைக்கு முன் இதற்குக் கூடுதல் நேரம் பிடித்தது, பிழைகளும் கூடின. வடிவப் புதிர்களிலும் அதே உழவர் வெட்டுக்குப் பின்னரே நன்றாகச் செய்தார்.

ஆய்வுக்கு இந்த வட்டாரம் வாய்ப்பாக அமைந்ததற்குக் காரணம் ஆலையின் நடைமுறை. எல்லாக் கரும்பையும் ஒரே மாதத்தில் அரைக்க ஆலையால் முடியாது. வெட்டு உத்தரவு முறைவைத்துத்தான் வரும். அதனால் ஒரே வாரத்தில் ஒருவர் கையில் காசோடும் பக்கத்து நிலத்துக்காரர் கடனோடும் இருப்பார்கள். சோதனையில் தெரிந்த வேறுபாட்டுக்கு வெயிலையோ மழையையோ பண்டிகையையோ காரணம் காட்ட முடியாது. அறுவடைக்கு முன் நகையோ பொருளோ அடகில் வைத்திருந்தவர்கள் 78 விழுக்காடு. பின்னர் 4 விழுக்காடு. சந்தை ஆய்வாளர் கவனிக்க வேண்டிய எண் இதுவே. கரும்புப் பணம் முதலில் போவது அடகுக்கடைக்கு. பணம் வந்ததும் கடைத்தெருவில் எல்லாம் விற்றுவிடும் என்று சரக்கைக் குவிக்கும் விற்பனை மேலாளர், அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே பெயர் எழுதப்பட்டிருப்பதை மறந்துவிடுகிறார். கரும்பு (கட்டுப்பாடு) ஆணை 1966-இன்படி கரும்பு ஒப்படைத்த 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேரும். நிலுவை நீண்டால் நெருக்கடிக் காலமும் நீளும்.

ஷாம்பு பாக்கெட்

இந்த நெருக்கடி மனநிலைக்குப் பொருந்திய விலை வடிவம், கள்ளக்குறிச்சியும் கடலூரும் சேர்ந்திருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்தில்தான் பெயர் பெற்றது. கடலூர் சின்னி கிருஷ்ணன் பொருள்களைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையைக் கையாண்டவர். அவர் குடும்பத்தின் 'வெல்வெட்' ஷாம்பு அவ்வழியில் வந்தது. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே தொடங்கிய 'சிக்' தந்தையின் பெயரெழுத்துகளைத் தாங்கியது. அந்நிறுவனமே இன்றைய கெவின்கேர். ஊர் ஊராகப் போய்ப் பையன்களின் தலையில் ஷாம்பு போட்டு அலசி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொடுத்தால் புதுப் பாக்கெட் இலவசம் என்றார்கள். 1990-களின் இறுதியில் 50 காசுப் பாக்கெட் வந்தது. பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கிய அந்தப் பாக்கெட்டின் விலை, மில்லி கணக்கை முன்வைக்கவில்லை. கையிலிருக்கும் நாணயத்தை முன்வைத்தது. அறுவடைக்கு முந்திய வீட்டில் கேட்கப்படும் கேள்வி 'இன்றைக்கு எவ்வளவு போகும்?' என்பதுதான்.

மறுப்புகள்

கையில் பணமில்லாதவர் சிறிதாக வாங்குகிறார், இதில் உளவியல் எங்கே என்று கேட்கலாம். பாக்கெட்டின் அளவை அது விளக்கும். விலை எண்ணின் பிடிவாதத்தை விளக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், ஷாம்பு ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 விழுக்காடானது. வரி சேர்த்து 5 ரூபாய்க்கு விற்ற பிஸ்கட் கணக்குப்படி 4 ரூபாய் 45 காசு ஆக வேண்டும். 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011-லேயே செல்லாமல் போன நாட்டில் மீதி 55 காசு கைக்கு வராது. விலையை 5 ரூபாயிலேயே வைத்து எடையைக் கூட்டினால் அதே பயனை 12 விழுக்காடு கூடுதல் பிஸ்கட்டாகத் தரலாம். ஆனால் அந்தக் கூடுதலைக் கண் எளிதில் பிடிக்காது. எடை குறையும்போதும் இதே கதைதான். ஐந்து ஆறானால் தெரு முழுக்கப் பேச்சாகும்; பாக்கெட்டில் சில கிராம் குறைந்தால் பலர் கவனிப்பதே இல்லை.

சிறு பாக்கெட் ஏழையைச் சுரண்டுகிறது என்பது அடுத்த மறுப்பு. பல பொருள்களில் சில்லறையாக வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கிறார் என்பது உண்மை. இந்திய ஷாம்புச் சந்தையிலோ பாட்டிலைவிடப் பாக்கெட்டில் ஒரு மில்லியின் விலை பலமுறை குறைவாகவே இருந்திருக்கிறது. கையில் காசு உள்ளவரும் சரத்தையே வாங்குவதற்கு அது ஒரு காரணம். சுரண்டல் என்ற சொல் பொருந்துவது, எடையைச் சத்தமில்லாமல் குறைத்து விலையெண்ணை அப்படியே காக்கும் இடத்தில். தெருவில் சேரும் காலி உறைகளின் செலவும் எந்த விலையிலும் சேர்க்கப்படவில்லை. அதை அடுத்தவர் சுமக்கிறார்.

மூன்றாவது மறுப்பு ஆய்வாளர்களிடமிருந்தே வருகிறது. அமெரிக்கச் சம்பளக்காரரிடம் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு, சிந்தனைத் திறனில் வேறுபாடு காணவில்லை. ஜாம்பியா உழவர்களைப் பற்றிய 2022-ஆம் ஆண்டு ஆய்வோ, நெருக்கடிப் பருவத்தில் அவர்களின் முடிவுகளில் தடுமாற்றம் குறைந்ததாகச் சொல்கிறது. முதலாவதற்குப் பதில் எளிது: சில வாரச் சம்பள இடைவெளியும் ஓராண்டுப் பயிரின் காத்திருப்பும் ஒன்றல்ல. இரண்டாவது இந்தக் கட்டுரையின் வாதத்தைத் திருத்துகிறது, உடைக்கவில்லை. நெருக்கடி கவனத்தைக் குறுக்குகிறது. குறுகிய கவனம் கண்முன் உள்ள செலவைக் கூர்மையாகப் பார்க்கிறது, தூரத்துக் கணக்கை விட்டுவிடுகிறது. வறியவர் விலை தெரியாதவர் என்ற முடிவை இந்தச் சான்றுகளிலிருந்து எடுக்கவே முடியாது. ஒரு ரூபாயின் பெறுமானம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தவணை வட்டியின் மொத்தத்தைக் கூட்டிப்பார்க்கும் ஓய்வுதான் அவருக்கு இல்லை.

சந்தை ஆய்வுக்கான பொருள்

அரவைப் பருவத்தில் ஒருமுறை மட்டும் கேள்வித்தாளோடு வந்து 'இதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்று கேட்கும் ஆய்வு, இந்த வட்டாரத்தின் பாதிப் பதிலைத்தான் பெறும். அதே வீட்டை வெட்டுக்கு முன்னும் பின்னும் கேட்பதும், வருமானத்தோடு அடகையும் ஆலை நிலுவையையும் பதிவு செய்வதும் செலவு கூடிய வேலைதான். செய்யாவிட்டால், பருவத்தின் நெருக்கடியை மக்களின் குணமாக எழுதிவைக்கும் பிழை நேரும். கடனும் தவணைத் திட்டமும் விற்பவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். அறுவடைக்கு முன் வாங்கப்படும் கையெழுத்து, அந்த உழவர் மிகக் குறைந்த கவனத்தோடு தூரத்துக் கணக்கைப் பார்க்கும் நேரத்தில் வாங்கப்படுவது.