ஓகர் கிராபிக்ஸ் எஞ்சின்: மூலநிரலிலிருந்து கட்டுமானமும் பிழைநீக்கமும்

ஓகர் என்பது, முப்பரிமாணக் காட்சிகளைக் கணினித் திரையில் தோற்றுவிக்கும் பொருட்டு சி பிளஸ் பிளஸ் மொழியில் இயற்றப்பட்டு, மூலநிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்ட ஒரு கிராபிக்ஸ் எஞ்சின் ஆகும். இதனைத் தொடங்கி 2010 வரை தலைமை ஏற்று நடத்தியவர் ஸ்டீவ் ஸ்ட்ரீட்டிங். இதன் 1.0 பதிப்பு 2005இல் வெளிவந்தது; 2009இல் பிரசித்தி பெற்ற டார்ச்லைட் என்னும் விளையாட்டு இதனைக் கொண்டே அமைக்கப்பட்டது.

காட்சி தீட்டுவது ஒன்றே தன் தொழில் என்று வகுத்துக்கொண்டு, ஏனைய காரியங்களைப் பிற நூலகங்களிடம் ஒப்படைத்துவிட்ட இவ்வெஞ்சினின் சுபாவமே, அதைக் கட்டுவோர் படும் சிரமங்களுக்கெல்லாம் ஆதிகாரணம். படக் கோப்புகளைத் திறக்க ஃப்ரீஇமேஜ், எழுத்துருக்களுக்கு ஃப்ரீடைப், சுருக்கிய கோப்புகளை விரிக்க ஸிலிப், மாதிரி நிரல்களில் விசைப்பலகையை அறிய ஓஐஎஸ் என்று நெடுங்காலம் பல நூலகங்களைத் தேடித் தொகுக்க வேண்டியிருந்தது. பிற்காலப் பதிப்புகள் அவற்றுட் பலவற்றைத் தாமே தருவித்துக் கட்டிக்கொள்கின்றன.

1.7 பதிப்பு முதல், பூர்வாங்க ஏற்பாடுகளை சிமேக் என்னும் கருவி கவனிக்கிறது. நூலகம் இன்னும் அகப்படவில்லை என்று அது சாதித்தால், சந்தேகிக்க வேண்டியது பெரும்பாலும் அதன் ஞாபகத்தையே. முதல் தேடலில் கண்டதையும் காணாததையும் கட்டுமான அடைவிலுள்ள ஒரு கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும் அக்கருவி, பின்னர் நூலகத்தை நிறுவினாலும் பழைய குறிப்பையே நம்பக்கூடும். அக்கோப்பை நீக்கி மீண்டும் ஓட்டுவதே பரிகாரம். விண்டோஸில், 2010 ஜூனில் வெளியான கடைசித் தனி டைரக்ட்எக்ஸ் எஸ்டிகேயை நிறுவும்போது எஸ்1023 என்ற பிழை தோன்றுவதும் உண்டு. அந்த எஸ்டிகே கொண்டுவரும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2010 இயக்கநேர நூலகத்திலும் புதியது கணினியில் முன்பே இருப்பதுதான் காரணம். அதை அகற்றி, எஸ்டிகேயை நிறுவி, பிறகு புதியதைத் திரும்ப நிறுவிக்கொள்ளலாம்.

கம்பைலர் உரைக்கும் பிழைகளைக் கடைசியிலிருந்து வாசிப்பது வீண் சிரமம். கோலத்தில் முதற்புள்ளி தவறினால் வரிசை முழுதும் தவறுவதுபோல, ஒரு ஹெடர் கோப்பு கிடைக்காமற் போன மாத்திரத்தில் அதில் அறிவிக்கப்பட்ட பெயர்கள் யாவும் அறியாப் பெயர்களாகிப் பிழைகள் பெருகிவிடும். பல கோர்களில் ஒருசேரக் கட்டும்போது மூலப்பிழை செய்திகளின் நடுவே மறைந்து கிடக்குமாதலால், ஒற்றைக் கோரில் மறுபடி ஓட்டிப் பார்ப்பது உத்தமம்.

லிங்கரின் பிழைகளோ வேறு ஜாதி. அறிவிப்பைக் கண்டு கம்பைலர் திருப்தியடைந்துவிட, அதற்குரிய உடலைத் தேடும் லிங்கர் அதைக் காணாமல் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றோ, மைக்ரோசாஃப்ட் கருவியாயின் எல்என்கே2019 என்றோ முறையிடுகிறது. நூலகத்தின் பெயரைத் தராமல் விட்டிருக்கலாம்; தந்தும், வரிசை பிசகியிருக்கலாம். குனு லிங்கர் ஸ்டாட்டிக் நூலகங்களை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்துச் செல்வதால், தேவைப்படுத்தும் நூலகம் முன்னும் அத்தேவையை நிறைவேற்றும் நூலகம் பின்னும் நிற்க வேண்டும். எல்என்கே2038 என்பது பெரும்பாலும் டீபக் வகையில் கட்டியதையும் ரிலீஸ் வகையில் கட்டியதையும் ஒரே நிரலில் கலந்ததன் பலன். எல்என்கே1112 என்பதோ 32 பிட்டையும் 64 பிட்டையும் கலந்ததன் பலன். இவ்விரண்டிலும் மூலநிரலைத் திருத்த முனைவோர் குற்றமற்ற கோப்புகளைக் கெடுப்பதே மிச்சம். நூலகங்களை ஒரே விதமாக மறுபடி கட்டுவதொன்றே வழி.

கட்டுமானம் பிழையின்றி முடிந்தும் காட்சி தோன்றாதிருப்பதுண்டு. ஓப்பன்ஜிஎல், டைரக்ட்3டி போன்ற காட்சிமுறைகளை ஓகர் பெரும்பாலும் தனிச் செருகிகளாக, ஓடும் வேளையில்தான் ஏற்றுகிறது. எவற்றை ஏற்றுவது என்று பிளகின்ஸ்.சிஎஃப்ஜி கோப்பு கூறும். அதிலுள்ள அடைவு தவறாயின் நிரல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். லினக்ஸில் நிறுவிய பின்னும் ஓகரின் பிரதான நூலகம் அகப்படவில்லை என்ற செய்தி வந்தால், நிறுவிய அடைவு கணினியின் நூலகத் தேடுபட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, எல்டிகான்ஃபிக் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் அநேகமாகப் போதும்.