ஊராத்துறைக் கல்லும் ஒல்லாந்தர் கடதாசியும்

1603 பெப்ரவரி 25. மக்காவோவிலிருந்து மலாக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘சாந்தா கத்தரீனா’ என்ற போர்த்துக்கேயக் கப்பலைச் சிங்கப்பூர் நீரிணையருகே மடக்கிப் பிடித்தார் ஒல்லாந்தத் தளபதி ஹீம்ஸ்கெர்க். உள்ளே சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்து கிடந்தன. ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போட்டபோது ஏறத்தாழ 35 இலட்சம் கில்டர் தேறியது.

இவ்வளவு பணத்தைக் கொள்ளை என்ற பெயரோடு வைத்திருக்க முடியுமா? விடயம் ஆம்ஸ்டர்டாம் கடற்படை மன்றுக்குப் போனது. உரிமை கோருவோர் முன்வரலாம் என்று அறிவித்தல் கொடுத்தார்கள். ஒருவரும் வரவில்லை. மக்காவோவிலும் மலாக்காவிலும் இருக்கிற வணிகன், எதிரி நாட்டு மன்றில் எப்படி வந்து நிற்பான்? 1604 செப்டெம்பர் 9 அன்று, பிடித்தது செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு கிடைத்தும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு மனம் ஆறவில்லை. கீழைக் கடலில் போர்த்துக்கேயர் செய்த அட்டூழியங்களைப் பற்றி, அங்கே போய்வந்த மாலுமிகளிடமும் வணிகர்களிடமும் சத்தியக் கடதாசிகள் திரட்டியது. அந்தக் கட்டு போய்ச் சேர்ந்த இடம், இருபத்தொரு வயது வழக்கறிஞர் ஹூகோ குரோசியஸின் மேசை. அவர் எழுதியதில் ஒரு பகுதி 1609இல் ‘சுதந்திரக் கடல்’ என்ற நூலாக வெளிவந்தது. கடல் யாருடைய சொத்துமல்ல, கீழைத்தேயத்தாரோடு வணிகம் செய்ய எந்த நாட்டவனுக்கும் உரிமை உண்டு என்பதே அதன் வாதம்.

எந்தப் போர்த்துக்கேய வழக்கத்தை எதிர்த்து இப்படி வாதாடினார்கள் என்பதை நம் யாழ்ப்பாணக் கரையோரம் நன்றாகவே அறிந்திருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ‘கர்த்தாஸ்’ என்ற அனுமதிக் கடதாசி இல்லாமல் இந்துமாக்கடலில் பாய் விரிப்பது ஆபத்து. தண்டையல் யார், கப்பல் எவ்வளவு பெரியது, என்ன ஆயுதம் இருக்கிறது, எங்கே போகிறது எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். வழியில் போர்த்துக்கேயத் துறையில் நின்று தீர்வையும் கட்ட வேண்டும். கடதாசி இல்லையென்றால் கப்பலும் போச்சு, சரக்கும் போச்சு. 1619இல் யாழ்ப்பாண அரசே அவர்கள் கைக்குப் போன பிறகு கேட்கவா வேண்டும்!

1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் விழுந்தது. குரோசியஸின் வாதத்தை மட்டும் அவர்கள் கப்பலில் ஏற்றி வரவில்லை. ஊர்காவற்றுறை வாயிலில் கடலுக்குள் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை ‘ஹமன்ஹீல்’ என்று பெயர் மாறியதேயொழிய, அதன் காவல் தளரவில்லை. அனுமதிக் கடதாசி முறையும் அப்படியே தொடர்ந்தது. கறுவாவும் யானையும் பாக்கும் கம்பனியின் ஏகபோகம் என்றானது. பனஞ்சலாகை ஏற்றிக்கொண்டு சோழமண்டலக் கரைக்குப் போய் நெல்லோடு திரும்பும் தோணிக்காரனும் கம்பனியின் முத்திரைக்குக் காத்திருக்க வேண்டும். பிணக்கு வந்தால் வழக்கைக் கேட்கும் நீதிச் சபையில் இருந்தவர்களும் கம்பனியின் சம்பளக்காரர்கள்தான். மேல்முறையீடு கொழும்புக்கு, அதற்கும் மேலே இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு. ஒரு தோணிக்காரன் பத்தாவியா வரை போய் வழக்காடுவதை நினைத்துப் பாருங்கள்!

இதே ஒல்லாந்தர் 1707இல் பன்னிரண்டு முதலியார்களைக் கொண்டு சரிபார்த்து, யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையை எழுத்தில் பதித்தார்கள். கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அந்தச் சட்டத்தின் உயிர், சீதனமும் முதுசமும் ஒற்றியும். நிலத்து வழக்கில் ஊராரின் வழமையைக் கேட்டவர்கள், கடலைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

கடலுக்கும் இங்கே எழுதப்பட்ட சட்டம் ஒன்று இருந்தது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவுடையது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் வெளியிட்டார். பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது கல். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒன்று பண்டாரத்துக்கு, மற்ற மூன்றும் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலமென்றால் ஆளுக்குச் செம்பாதி.

இலங்கையிலிருந்து யானை ஏற்றுமதியானதுதானே நமக்குத் தெரியும், வெளியிலிருந்து யானை எதற்கு என்று கேட்கலாம். இதே மன்னன் பர்மாவோடு போர் தொடுத்ததற்கு, அங்கே யானை விற்பனையைத் தடுத்ததையும் ஒரு காரணமாகச் சூளவம்சம் சொல்கிறது. ஆகவே இந்தத் தாராளம் தர்ம சிந்தனையால் மட்டும் வந்ததல்ல. அரண்மனைக்கு வேண்டிய சரக்குக்கு முக்கால், மற்றதற்கு அரை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் அரை என்பது சின்ன விடயமல்ல. மலையாளக் கரையில் உடைந்த கப்பலின் சரக்கு முழுவதும் அரசுக்கே போகும், கள்ளிக்கோட்டையில் மட்டும் உடையவனுக்குக் கிடைக்கும், அதனால்தான் அந்தத் துறை செழித்தது என்று பதினான்காம் நூற்றாண்டில் இபின் பதூதா எழுதினார். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறைக்குக் காகதிய கணபதிதேவன் அபய சாசனம் கொடுத்தது 1244இல். ஊராத்துறைக் கல் அதற்கும் மூத்தது.

பராக்கிரமபாகுவின் கல்லையும் கம்பனியின் கடதாசியையும் பக்கத்தில் வைத்தால், எனக்குக் கல்லே நேர்மையானதாகப் படுகிறது. இரண்டும் ஆள்பவனுக்குப் பங்கு கேட்டவைதான். கல் கேட்டது கப்பல் உடைந்த பிறகு, அதுவும் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. கடதாசியோ கரையை விட்டுப் புறப்படுவதற்கே அனுமதி கேட்டது. குறிகட்டுவானில் படகேறி அம்மனைக் கும்பிடப் போகிறவர்கள், அந்தக் கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)