வெந்நீர்த் தொட்டித் தளம்

தோட்டத்தில் அமைக்கும் வெந்நீர்க் குளியல் தொட்டியைத் தாங்கும் கான்கிரீட் அடித்தளம். 1,500 லிட்டர் தொட்டியில் நீரின் எடையே 1.5 டன், தொட்டியும் ஆட்களும் தனி. எனவே கம்பி வலை பதித்து 100 முதல் 150 மி.மீ. கனத்தில் போடுவது வழக்கம். மலேசியாவில் கேமரன் மலையின் கம்போங் ராஜா போன்ற தேயிலைச் சரிவுகளில், கருங்கல் சிதைந்து உண்டான மண் தொடர்மழையில் எளிதில் நெகிழும். கொட்டி நிரவிய மண்மேல் தளம் போடுவது ஆபத்து; கெட்டி மண் வரை தோண்டி, ஜல்லி பரப்பி, திமிசு போட்டு இறுக்க வேண்டும். மேட்டுப்பக்க வடிகால் தளத்தைவிட முக்கியம். மலேசியாவின் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி மண்வெட்டு வேலைக்கு மாவட்ட மன்றத்தின் ஒப்புதல் தேவை. சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 கலவையை இடைவிடாது கொட்டி, ஈரச் சாக்கு போர்த்தி 7 நாளாவது நீராற்றுவர். திட்டமிட்ட வலிமை வர 28 நாள் ஆகும். அதற்குமுன் தொட்டியை நிரப்பலாகாது.