சொந்த ஊருக்குக் கிடைக்காத கோப்பை



அயர்லாந்தின் கார்க் நகரில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் போனில் பேசினார். "சார், இங்கே ஹர்லிங் கவுண்டி ஃபைனல் வருது. ஆபீஸ்ல வேற பேச்சே இல்ல. ஆனா ஆடுறவங்களுக்கு ஒரு பைசா சம்பளம் கிடையாதாம். அப்புறம் எதுக்கு சார் இவ்வளவு வெறி?" என்று கேட்டார். நல்ல கேள்வி. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு 15 பேர். ஆஷ் மரத்தில் செய்த, நுனி அகன்ற மட்டை. தோல் போர்த்திய சிறிய பந்து. கோல் கம்பம் ஆங்கில 'H' எழுத்துப் போல நிற்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி. மிகப் பழைய ஆட்டம். 1366-இல் ஆங்கிலேய ஆட்சி கில்கென்னியில் இயற்றிய சட்டம், அங்கே குடியேறிய ஆங்கிலேயர் இதை ஆடக் கூடாது என்று தடுத்தது. ஆளவந்தவர்களையே இழுத்துக்கொண்ட ஆட்டம் என்பது அதிலிருந்தே தெரிகிறது.

1845 முதல் உருளைக்கிழங்குப் பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறிப் போனார்கள். ஊர்கள் காலியானபோது ஊர் ஆட்டமும் நலிந்தது. அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1847-இல், கிளேர் கவுண்டியில் பிறந்தவர் மைக்கேல் குசாக். அவர் ஓர் ஆசிரியர் என்பதைச் சற்றுப் பெருமையோடு சொல்கிறேன்! டப்ளினில் சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். அவருடைய முயற்சியில் 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் ஊரில் ஒரு ஓட்டலில் சிலர் கூடி கேலிக் விளையாட்டுக் கழகத்தைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டு முடிவதற்குள் அவரையே செயலாளர் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆள் போனாலும் அமைப்பு நின்றது.

அந்த அமைப்பின் அடித்தளம் எளிமையானது. ஊருக்கு, அதாவது கத்தோலிக்கப் பங்குக்கு, ஒரு சங்கம். சங்கங்கள் தமக்குள் மோதும் போட்டி கவுண்டி சாம்பியன்ஷிப். கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க காலத்தில் கவுண்டியில் வென்ற சங்கமே அந்தக் கவுண்டியின் பெயரில் அகில அயர்லாந்துப் போட்டிக்குப் போகும். முதல் அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில், 1888 ஏப்ரல் 1 அன்று, டிப்பரேரி சார்பில் தர்லஸ் சங்கமும் கால்வே சார்பில் மீலிக் சங்கமும் மோதின, தர்லஸ் வென்றது. கார்க்கிற்கு முதல் அகில அயர்லாந்துப் பட்டம் 1890-இல் கிடைத்தது. கொண்டுவந்தது பெருநகர அணி அல்ல, அகபுல்லோக் என்ற கிராமத்துச் சங்கம்.

ஆனால் கார்க் கவுண்டிப் போட்டியில் நெடுங்காலம் கோலோச்சியவை மூன்று நகரச் சங்கங்கள்: பிளாக்ராக், செயின்ட் ஃபின்பார்ஸ், கிளென் ரோவர்ஸ். கிளென் ரோவர்ஸ் 1934 முதல் 1941 வரை தொடர்ந்து எட்டு ஆண்டு வென்றது. அந்த அணியில் ஆடிய ஜாக் லிஞ்ச் பின்னாளில் அயர்லாந்தின் பிரதமரானார். 1977 இறுதி ஆட்டத்தில் ஃபின்பார்ஸும் கிளென் ரோவர்ஸும் மோதியபோது பார்க்க வந்தவர்கள் 34 ஆயிரத்துக்கும் மேல். நாடுகளுக்கு இடையே நடந்த ஆட்டம் இல்லை. ஒரே நகரத்தின் இரண்டு பகுதிகளுக்கு இடையே நடந்தது!

இனி கிறிஸ்டி ரிங் கதை. ஹர்லிங் வரலாற்றில் ஈடு இணையற்றவர் என்று பலரும் சொல்லும் பெயர். 1920-இல் கிழக்கு கார்க்கின் குளோயின் கிராமத்தில் பிறந்தார். கார்க் அணிக்காக எட்டு அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வென்றார். வயிற்றுப்பாட்டுக்கு லாரி ஓட்டினார். 1941-இல் நகரத்துக் கிளென் ரோவர்ஸில் சேர்ந்தார். அந்தச் சங்கத்தோடு அவர் வாங்கிய கவுண்டிப் பதக்கங்கள் 14.

அவரைப் பெற்ற குளோயின் கதை என்ன? அந்த ஊர் கவுண்டிக் கோப்பைக்குக் காத்திருந்தது. ரிங் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகு, 2004-இல், குளோயின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. நா பியர்சியிடம் தோற்றது. 2005-இல் மறுபடியும் வந்தது. நியூடவுன்ஷாண்ட்ரமிடம் தோற்றது. 2006-இல் மூன்றாவது முறை. எரின்ஸ் ஓனிடம் தோற்றது. அந்த அணியின் கோல்காப்பாளர் டோனல் ஓக் குசாக், தடுப்பாட்டக்காரர் டியர்முயிட் ஓ'சல்லிவன் ஆகியோர் கார்க் அணியோடு அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற பெரிய ஆட்டக்காரர்கள். நாட்டுக் கோப்பை கைக்கு வந்தது, ஊர்க் கோப்பை வரவில்லை.

இதை வைத்துச் சின்ன ஊருக்கு விதி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2005-இல் வென்றதாகச் சொன்னேனே, அந்த நியூடவுன்ஷாண்ட்ரமும் ஒரு கிராமம்தான். முதல் கவுண்டிப் பட்டத்தை 2000-இல்தான் வாங்கியது. 2004-இல் அகில அயர்லாந்துச் சங்கப் போட்டியையே வென்றது. தனியாக மேல்மட்ட அணி கட்ட முடியாத ஊர்களுக்கும் கார்க்கில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு வட்டாரத்தின் சிறு சங்கங்கள் சேர்ந்து ஒரே அணியாக ஆடலாம். இமோகில்லி என்ற கிழக்கு கார்க் வட்டார அணி 2017, 2018, 2019 என மூன்று ஆண்டு தொடர்ந்து வென்றது அப்படித்தான்.

ஆக, அந்த மாணவருக்கு என் பதில் இதுதான். அங்கே பணம் கொட்டி ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை களத்தில் நிற்பவர் திங்கட்கிழமை வகுப்பெடுக்கும் ஆசிரியராகவோ பால் கறக்கும் விவசாயியாகவோ இருப்பார். தோற்றால் அந்த முகங்களோடுதான் மறுநாள் கடையில் நிற்க வேண்டும். பஞ்சத்தில் ஊர்கள் காலியான ஒரு நாடு, "எங்கள் ஊர் இன்னும் இருக்கிறது" என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொள்ளும் வழி அது. வெறியாகத் தெரிவது அதனால்தான்.

கிறிஸ்டி ரிங் 1979 மார்ச் 2 அன்று இறந்தார். பழைய தோழரான பிரதமர் ஜாக் லிஞ்ச் கல்லறையருகே உரையாற்றினார். 14 பதக்கம் தந்த நகரத்தில் அவரைப் புதைக்கவில்லை. குளோயினில்தான் புதைத்தார்கள். அங்கே மைதானத்தின் அருகில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஊரை விட்டுப் போனவர் என்று அந்த ஊர் கணக்குத் தீர்க்கவில்லை.

உங்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்கள்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை. நானே "போய்ப் படி, போய் வேலை தேடு" என்று அனுப்பியவன். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் இன்றும் மாலையில் ஆடுகிறார்கள். அடுத்த முறை வரும்போது அரை மணி நேரம் நின்று பாருங்கள். அது போதும்.

நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கார்க்கிலிருந்து படிப்பவரே, ஃபைனல் முடிந்ததும் யார் வென்றார்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்